பக்கத்து மாடியில் செல்போன் டவர்: சென்னையில் யாரிடம், எதைக் கேட்பது? முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துணி காயப்போட மாடிக்குப் போன என் மனைவி உடனே இறங்கி வந்து, "பக்கத்து மாடியில நாலு பேர் டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்காங்க, என்னன்னு போய்ப் பாருங்க" என்றார். போய் எட்டிப் பார்த்தேன். தட்டோட்டுத் தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: டவர் வருகிறதாம். அன்று இரவே எங்கள் அசோசியேஷன் கூடி மனு எழுதியது. மனுவில் இருந்தது ஒரே காரணம்தான், கதிர்வீச்சால் நோய் வரும் என்பது. நாற்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டோம்.

அந்த மனு இரண்டு அலுவலகம் சுற்றி, "இது எங்கள் அதிகாரத்தில் வராது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்தது. அதற்குள் டவர் எழும்பி, ஜெனரேட்டரும் ஓட ஆரம்பித்திருந்தது. முப்பது வருடப் பழைய கட்டடம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டிய கடமை மாநகராட்சிக்கும் டவர் கம்பெனிக்கும் இருந்தது. சரியான கேள்வியைச் சரியான இடத்தில் வைக்காததால் கோட்டை விட்டோம். நீங்கள் அப்படி விட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வருவது என்ன, யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் நாம் டவர் என்றே சொல்கிறோம். தரையிலிருந்து எழும்பும் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்று. சென்னையின் நெருக்கமான தெருக்களில் இதற்கு இடம் கிடைப்பது அபூர்வம். மாடியின் மேல் நிற்கும் குட்டைக் கோபுரம் இன்னொன்று. கைப்பிடிச் சுவர் ஓரமாகவோ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலோ நிறுத்தும் தனிக் கம்பம் மூன்றாவது. இப்போது தெருவிளக்குக் கம்பத்தில் பெட்டி மாதிரி மாட்டும், ஸ்மால் செல் என்ற சின்ன ஆன்டெனாக்களும் வந்துவிட்டன. எது வருகிறது என்பதைப் பொறுத்து விதியும் மாறும், கவலைப்பட வேண்டிய விஷயமும் மாறும்.

அப்புறம், கம்பெனி பெயர். உங்கள் சிம் கார்டின் கம்பெனிதான் டவரைக் கட்டுகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கட்டுவது தனி டவர் நிறுவனம். தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்துகொண்டு டவரை நிறுத்தி, இரண்டு மூன்று செல்போன் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும். மாடியில் வேலை செய்பவர்களிடம் நிதானமாகப் பேசினால் நிறுவனத்தின் பெயரும், அந்த டவருக்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாள எண்ணான தள எண்ணும் கிடைக்கும். பின்னால் எழுதும் எல்லா மனுவுக்கும் அந்தத் தள எண்தான் ஆதாரம்.

படி 2: எது யார் கையில்

தொலைத்தொடர்பு என்பது அரசியலமைப்புப்படி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அலைக்கற்றை, ஆன்டெனா, கதிர்வீச்சு அளவு எல்லாம் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்தவை. அதற்கு நாடு முழுக்கக் கள அலுவலகங்கள் உண்டு. தமிழ்நாட்டுக்கானது சென்னையிலேயே இருக்கிறது, எல்எஸ்ஏ (உரிமச் சேவைப் பகுதி) அலுவலகம் என்பார்கள். கதிர்வீச்சு பற்றிய மனுவை வார்டு அலுவலகத்தில் கொடுத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் மனு திரும்பி வந்தது இதனால்தான்.

கட்டடம், தெரு, பொது இடம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. ஜெனரேட்டரின் சத்தத்துக்கும் புகைக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விமானப் பாதைக்கு இடைஞ்சலான உயரமா என்பதைப் பார்ப்பது இந்திய விமான நிலைய ஆணையம். மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பகுதிகளை நிறம் பிரித்து, எங்கே எவ்வளவு உயரம் போகலாம் என்று வரைபடமே வைத்திருக்கிறார்கள். டவர் நிற்கும் இடத்துக்கான தடையின்மைச் சான்றைத் தருவது தொலைத்தொடர்புத் துறைக்குள் இருக்கும் சாக்ஃபா என்ற குழு.

சட்டமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2016 நவம்பரில்தான் நாடு முழுமைக்குமான வழியுரிமை விதிகள், அதாவது கேபிளும் டவரும் போட இடத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகள், வந்தன. அவற்றை 2022 ஆகஸ்டில் திருத்தியபோது ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை. கட்டடத்தின் மேல் வைப்பதாக இருந்தால், வேலை தொடங்குவதற்கு முன் எழுத்துமூலம் தகவல் தந்தால் போதும். ஆனால் அந்தத் தகவலோடு, கட்டடம் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் தந்த சான்றின் நகலும் இருக்க வேண்டும். அதன் பிறகு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் எழுதப்பட்ட 2024-ஆம் ஆண்டின் வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வழியுரிமைத் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் இந்தச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு.

'மாநகராட்சி எப்படி அனுமதி கொடுத்தது?' என்று சண்டை போடுவதால் பயன் குறைவு என்பது இதிலிருந்து புரியும். 'முன்கூட்டியே தகவல் கடிதம் வந்ததா? கட்டமைப்புச் சான்று இணைத்திருக்கிறார்களா? அதன் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். இதற்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

படி 3: கதிர்வீச்சுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

பயப்படும் யாரையும் குறை சொல்ல மாட்டேன். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆன்டெனா தெரிந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் எண்களைப் பார்த்த பிறகு என் பயம் வேறு இடத்துக்கு மாறியது.

இந்தியா முதலில் சர்வதேச வரம்பைத்தான் ஏற்றுக்கொண்டது. 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். இப்படிப் பார்த்தால் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9 வாட், 2000-க்கு மேல் போனால் 1 வாட்.

இனி ஒரு தோராயக் கணக்கு. ஒரு டிரான்ஸ்மிட்டர் 20 வாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பேனல் ஆன்டெனா அதை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவிக்கிறது, சுமார் 50 மடங்கு. ஆக, அந்தத் திசையில் நிற்பவருக்கு அது 1000 வாட் விளக்கு மாதிரி. இந்த 1000-ஐ, 4 பெருக்கல் 3.14 பெருக்கல் தூரத்தின் வர்க்கம் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 0.03 வாட். 20 மீட்டரில் 0.2. 10 மீட்டரில் 0.8. ஐம்பது மீட்டரில் ஒன்றுமே இல்லாதது, பத்து மீட்டருக்கு வந்தால் 900 அலைவரிசையின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒரே திசையில் நான்கைந்து டிரான்ஸ்மிட்டர் இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

எனவே தூரம் முக்கியம், திசை அதைவிட முக்கியம். மெரினா கலங்கரை விளக்கத்தின் அடியில் நிற்பவர் மேல் அதன் வெளிச்சம் விழுவதில்லை. தலைக்கு மேலே கடலைப் பார்த்துப் போய்விடும். ஆன்டெனாவும் அப்படித்தான். டவர் நிற்கும் வீட்டின் மேல்தளத்தில் குடியிருப்பவருக்குக் கிடைப்பது குறைவு. எதிர்ச்சாரியில், ஆன்டெனாவின் அதே உயரத்தில், அதற்கு நேர் முன்னால் ஜன்னல் வைத்திருப்பவர்தான் கவனிக்க வேண்டியவர்.

தொலைத்தொடர்புத் துறை 2013-ல் மாநில அரசுகளுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிகளில் இதற்கே ஒரு அட்டவணை இருக்கிறது. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் கட்டடம் இருக்கக் கூடாத தூரம் அது. ஒரே ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டுக்கு 35, நான்குக்கு 45, ஆறுக்கு 55. சுவரில் மாட்டும் ஆன்டெனா தரையிலிருந்து குறைந்தது 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஒரு டேப்பும் பொறுமையும் இருந்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம். நம்மூர் முப்பது அடித் தெருவின் அகலம் 9 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி என்ற வகையில் சேர்த்தது. காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்பதுதான் அந்த வகையின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே வகையில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: தலையோடு ஒட்டிப் பிடிக்கும் போன்தான் உடம்புக்கு மிக அருகில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர். டவர் தூரமாகப் போகப் போக, சிக்னல் பிடிக்க அது இன்னும் அதிக சக்தியில் அனுப்பும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் போன் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். டவரை ஊருக்கு வெளியே துரத்தினால் கதிர்வீச்சு குறைந்துவிடும் என்ற எண்ணம் இதனால்தான் தவறு.

படி 4: சந்தேகம் இருந்தால் அளக்கச் சொல்லுங்கள்

2017 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் பகுதியின் வரைபடத்தைத் திறந்தால் சுற்றியுள்ள டவர்கள் தெரியும். ஒன்றைத் தட்டினால் அது கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கிறதா என்ற விவரம் கிடைக்கும். கம்பெனிகள் ஒவ்வொரு டவருக்கும் தாங்களே சான்று தர வேண்டும். எல்எஸ்ஏ அலுவலகம் அவற்றில் ஒரு பகுதியைத் திடீர்ச் சோதனை செய்யும். மீறினால் ஒரு தளத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் என்று 2013-ல் உயர்த்தினார்கள்.

கம்பெனி கொடுத்த சான்றை எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. அதே இணையதளத்தில் 4000 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், நீங்கள் சொல்லும் இடத்துக்கே வந்து அளப்பார்கள். எங்கள் தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதைச் செய்தோம். எதிர்ச்சாரி மூன்றாம் மாடி பால்கனியில் முக்காலியை வைத்து, அதன் மேல் வெள்ளைப் பந்து மாதிரி ஒரு கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு அலைவரிசையாக நிதானமாக அளந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அளவு வரம்புக்கு வெகு கீழே இருந்தது. தாளைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்த பிறகு, ரொம்ப நாளாகச் சாத்தியே வைத்திருந்த அந்த ஜன்னலைப் பாட்டி திறந்து வைத்தார். நாலாயிரம் ரூபாய்க்கு அந்த நிம்மதி கிடைத்தது எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

படி 5: கட்டடத்தைப் பாருங்கள். உண்மையான ஆபத்து இங்கேதான்

இந்திய தரநிலைப்படி சென்னைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் தள்ளுவிசை சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். ஆறடி உயரம், ஓரடி அகலமுள்ள ஒரு பேனல் ஆன்டெனா அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு டவரில் பன்னிரண்டு பேனல் இருந்தால், புயல் நாளில் அதன் உச்சியைப் பக்கவாட்டில் ஒரு டன் எடை தள்ளுவதாக எடுத்துக்கொள்ளலாம். டவரின் இரும்பின் மேல் படும் காற்று இதில் சேரவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையின் மரங்கள் எப்படி வேரோடு சாய்ந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் எண்ணாகத் தெரியாது.

இந்தப் பாரம் மாடித் தளத்தின் மேல் உட்காரக் கூடாது. தூண்களின் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்க வேண்டும். டவரின் கால்கள் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, எல்லாத் தளத்திலும் தூண் தொடர்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், தூணுக்குத் தூண் இரும்பு பீம் போட்டு அதன் மேல் நிறுத்தியிருக்கிறார்களா? சென்னையில் தூணே இல்லாமல், வெறும் செங்கல் சுவர்கள் தாங்கும் பழைய வீடுகள் நிறைய உண்டு. அவற்றின் மேல் டவர் என்றால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடற்காற்று அரிக்கும் பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் என்றால் தூணில் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் பெயர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கட்டமைப்புச் சான்றின் நகல் கைக்கு வந்ததும் நான்கு இடத்தில் கண்ணை வையுங்கள். தேதி, டவர் எழுந்ததற்கு முந்தையதா? கதவு எண், அந்தக் கட்டடத்துடையதுதானா? எத்தனை ஆன்டெனாவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்? பொறியாளர் நேரில் வந்து கான்கிரீட்டைச் சோதித்தாரா, வரைபடத்தை மட்டும் பார்த்தாரா? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலோர் தவறவிடுவது. முதலில் ஒரு கம்பெனிக்கு ஆறு ஆன்டெனா என்று சான்று வாங்குவார்கள். இரண்டு வருடத்தில் இன்னொரு கம்பெனி சேரும், 5ஜி பெட்டி ஏறும். சான்று அதே பழைய தாளாக இருக்கும். ஆன்டெனா கூடினால் புதுச் சான்று கேளுங்கள்.

படி 6: ஜெனரேட்டர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் சூழ்ந்த வீட்டுக்குள் போன் செத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும், பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர் வேண்டும். எனவே ஜெனரேட்டரே கூடாது என்று கேட்க எனக்கு மனமில்லை. சத்தம்தான் பிரச்சினை, அதற்கு அளவு இருக்கிறது. மூடியிருக்கும் உறையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான பொது வரம்பு பகலில் 55, இரவில் 45. ஒலி தடுக்கும் உறை இருக்கிறதா, அதன் கதவைத் திறந்தே வைத்து ஓட்டுகிறார்களா, புகைக்குழாய் யார் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். இரவில் தேதி, நேரத்தோடு வீடியோ எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பலாம். டீசல் கேன்களைப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கியிருந்தால் தீயணைப்புத் துறைக்கும் ஒரு நகல்.

படி 7: உங்கள் மாடிக்கே கேட்டு வந்தால்

வாடகை ஆசை யாருக்கும் வரும், தவறில்லை. ஆனால் போனில் வரும் அழைப்பாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். 'உங்கள் இடத்தில் டவர் வைக்க அரசு தேர்வு செய்திருக்கிறது, மாதம் ஐம்பதாயிரம் வாடகை, முன்பணம் பல லட்சம்; பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று அரசு முத்திரையோடு கடிதம் வரும். அது மோசடி. டவர் வைக்க டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) யாருக்கும் அனுமதிக் கடிதம் தருவதில்லை. உண்மையான கம்பெனி இட உரிமையாளரிடம் பணம் கேட்பதில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. செயலாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டு மாடியை வாடகைக்குக் கொடுத்துவிட முடியாது. பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட வேண்டும். ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தங்கள் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு இருக்கும். கம்பெனி நினைத்தால் விலகலாம், நீங்கள் விலக முடியாது என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் பேசித் திருத்துங்கள். இரண்டாவது கம்பெனியை ஏற்றினால் உங்கள் எழுத்துமூலச் சம்மதமும் கூடுதல் வாடகையும் வேண்டும் என்று சேருங்கள். போகும்போது பீமை அறுத்தெடுத்து, தளத்தை நீர் கசியாமல் மூடித் தட்டோடு பதித்துத் தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பல கட்டடங்களில் டவர் போய் வருடக்கணக்கான பிறகும் மேல்வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருப்பது, இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

படி 8: மனு

ஒரு மனுவில் ஒரு குறை. தலைப்பில் தள எண், கதவு எண், தெரு, வார்டு. உள்ளே என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதியில், எந்த ஆவணம் வேண்டும் என்பது மட்டும். இந்த நடையில் எழுதினால் போதும்:

"மேற்கண்ட முகவரியில் மாடியில் டவர் நிறுவும் பணி நடந்துவருகிறது. இதுபற்றித் தங்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே வந்த தகவல் கடிதத்தின் நகலையும், அதனுடன் இணைக்கப்பட்ட கட்டமைப்புச் சான்றின் நகலையும் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். அவை பெறப்படவில்லையெனில், பெறும்வரை பணியை நிறுத்த நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறோம்."

மாநகராட்சிக்கு முதலில் 1913 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்துப் புகார் எண் வாங்கிவிட்டு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு மண்டல அலுவலகத்தில் இந்த மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கதிர்வீச்சுக் குறைக்கு எல்எஸ்ஏ. அங்கே அசையாவிட்டால் மத்திய அரசின் குறைதீர்க்கும் இணையதளம். ஆவணம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நீதிமன்றம் போவதானால் ஒன்றை மனதில் வையுங்கள். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012 நவம்பரில் பள்ளி, மருத்துவமனை பக்கமிருந்து டவர்களை அகற்ற உத்தரவிட்டது உண்மை. ஆனால் கதிர்வீச்சு அச்சத்தை மட்டும் சொல்லி வந்த மனுக்களைச் சென்னை உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்திருக்கின்றன. கட்டமைப்புச் சான்று இல்லை, தகவல் கடிதம் இல்லை என்ற பதில் உங்கள் கையில் எழுத்தில் இருந்தால் வழக்கின் பலமே வேறு.

டவர் நின்றுவிட்ட பிறகும் வேலை இருக்கிறது. வருடா வருடம் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், டவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுங்கள்: போல்ட், இழுகம்பி, துரு, இடிதாங்கி, எர்த் குழி எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தரச் சொல்லி. மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பட்டம் விடவும் பந்து எடுக்கவும் பிள்ளைகள் ஏறுவார்கள். அறிக்கையின் நகலை அசோசியேஷன் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பைப் பழைய செயலாளர் வீட்டு அலமாரியில் விட்டுவிடாமல், புதுச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.